கடலிருந்தும் துறையில்லை

ஆழ்கடல் அருகிருந்தால் துறைமுகம் தானே செழிக்கும் என்று பல்லாண்டு பாடஞ்சொன்னவன் நான். பின்லாந்தின் கொக்கோலா நகரம் என்னைத் திருத்தியது.

சுவீடன் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ப் 1620-இல் நிறுவிய அந்நகரம், கப்பல்களுக்குப் பூசும் மரத்தாரை விற்று வாழ்ந்தது. ஆயினும் அயல்நாட்டுக்குத் தன் கப்பலை நேரே செலுத்த அதற்கு உரிமையில்லை. பெரும்பாலும் ஸ்டாக்ஹோம் வணிகரிடமே சரக்கை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஆண்டர்ஸ் கிடேனியஸ் என்னும் பாதிரியார் முதலியோர் வாதாடியதால் 1765-இல் அவ்வுரிமை கிட்டியது.

பின்னர் இயற்கையே சோதித்தது. பண்டைப் பனிப்பாளத்தின் பாரம் நீங்கிய நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் உயர, கடல் விலகியது. ஊரார் தளராது, ஆழமுள்ள இக்ஸ்பிக்லயாவில் புதுத்துறை கண்டனர்.

கடலோடு உரிமையும் உழைப்பும் வேண்டும் என்பதை என் மாணவர்க்கு அன்றே சொல்லாமற்போனேனே என்பதுதான் என் குறை.