ஈய முத்திரை அறுந்த பம்ப்

பழைய ஜப்பான் லொறி ஒன்றின் கெபினைச் சாய்த்து எஞ்சினைப் பார்த்தால், அதன் பக்கவாட்டில் நீளமாக ஒரு அலுமினியப் பெட்டி தெரியும். அதன் தலையிலிருந்து நான்கு இரும்புக் குழாய்கள் நான்கு சிலிண்டர்களுக்குப் போகும். அதுதான் டீசல் பம்ப். ஒரு முறை அழுத்தும்போது எவ்வளவு டீசலை உள்ளே விடலாம் என்பதற்கு அதில் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் காப்பது ஒரு சின்ன ஸ்குரூ. தொழிற்சாலையை விட்டு வரும்போது அந்த ஸ்குரூவைக் கம்பியால் கட்டி, ஈய முத்திரை குத்தியிருப்பார்கள். பல கை மாறிய லொறிகளில் அந்த முத்திரை தப்பியிருப்பது அரிது. ஏ6 வீதியில் குருநாகலுக்கும் தம்புள்ளைக்கும் நடுவே கிடக்கிற கலேவெலவில் வீதியோரத்துப் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்கும் அந்தச் சிறு ஈயத்துண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

இந்தப் பம்பின் பூர்வீகம் ஜெர்மனி. ரூடோல்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய எஞ்சின், அமுக்கிய காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதி உள்ளே தள்ளியது. அதற்கு வேண்டிய கம்பிரசர் பெரிய பாரம். ஆலையிலும் கப்பலிலும் வைக்கலாம், லொறியில் வைக்க முடியாது. ஸ்டுட்கார்ட் நகரின் பொஷ் நிறுவனம் 1927இல் காற்றின் துணை இல்லாமல் எண்ணெயை மட்டும் பெரும் அழுத்தத்தில் செலுத்தும் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகுதான் டீசல் எஞ்சின் வீதிகளில் பரவலாக ஓடத் தொடங்கியது.

ஜப்பானில் 1939இல் டீசல் கிக்கி என்ற நிறுவனம் பொஷ்ஷின் உரிமம் பெற்று இதே பம்பைச் செய்யத் தொடங்கியது. பிற்காலத்தில் அதன் பெயர் செக்செல். டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாகாணத்தில் அதன் தொழிற்சாலை இருந்தது. எங்கள் ஊர்களில் ஓடிய ஜப்பான் லொறிகளின் பம்புகளில் இந்த இரண்டு பெயர்களையும் நிறையப் பார்க்கலாம்.

பம்பின் உள்ளே நடப்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடர முடியாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சிறு உலக்கையும் அது ஏறி இறங்க ஓர் உறையும் உண்டு. இரண்டையும் சேர்த்து எலிமென்ட் என்பார்கள். உலக்கைக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். உலக்கையின் உடலில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். உலக்கை எவ்வளவு திரும்பி நிற்கிறதோ அதைப் பொறுத்து, செலுத்தப்படும் டீசல் கூடும் அல்லது குறையும். எல்லா உலக்கைகளையும் ஒன்றாகத் திருப்ப ஒரு பற்சட்டம். சாரதி அக்சிலரேட்டரை மிதிக்கும்போது பம்பின் பின்புறத்துக் கவர்னர் அந்தச் சட்டத்தை முன்னே தள்ளும். சட்டம் போய் முட்டி நிற்கும் இடம்தான் அந்த ஸ்குரூ. சிறிய லொறி எஞ்சின் ஒன்றில் அந்த எல்லை, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 50 கன மில்லிமீற்றர். ஒரு பெரிய துளி, அவ்வளவுதான்.

டோக்கியோவில் ஒரு காலத்தில் இந்தத் துளி அரசியலானது. 1999இல் ஆளுநர் இஷிஹாரா ஷின்டாரோ, டீசல் வாகனங்களின் கரியை ஒரு பிளாஸ்டிக் போத்தலில் அடைத்துச் செய்தியாளர்கள் முன் குலுக்கிக் காட்டினார். 2003 ஒக்டோபர் முதல் டோக்கியோ, சைத்தாமா, சிபா, கனகாவா ஆகிய நான்கு இடங்களிலும் கரிக் கட்டுப்பாட்டை மீறும் டீசல் லொறிகள் ஓடத் தடை வந்தது. அப்படி விலக்கப்பட்டவற்றில் சில வடிகட்டி பொருத்திக்கொண்டன, சில உடைக்கப்பட்டன, சில கப்பலேறின. சைத்தாமாவில் பிறந்த பம்ப் சைத்தாமாவிலேயே ஓட முடியாமற் போனபோதும் அதற்கு வேலை இருந்தது, வேறு நாடுகளில்.

இலங்கைக்கு வந்த ரீகண்டிஷன் லொறிகள் அப்படியான சந்தையிலிருந்து வந்தவைதான். இங்கே அவற்றுக்குக் காத்திருந்தது சுமை. 1999இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் திறந்ததிலிருந்து மலைநாட்டுக் கரட்டும் கோவாவும், கலேவெல, தேவஹுவப் பக்கத்துப் பெரிய வெங்காயமும் அங்கே போய்க் குவிந்து, மறுபடி லொறியேறி கொழும்புக்கும் பேலியகொடை மெனிங் சந்தைக்கும் போகின்றன. மரக்கறி விலை விடியலுக்கு முன் தீர்மானமாகிவிடும். பிந்திய லொறி நட்டப்பட்ட லொறி. ஒரு நடையில் கூடுதலாக ஏற்றினால் வாடகை மிஞ்சும். அதனால் பக்கப் பலகையை உயர்த்துகிறார்கள், ஸ்பிரிங்குக்கு லீஃப் கூட்டுகிறார்கள், சேசியை நீட்டுகிறார்கள். அதன் பின் மேட்டில் எஞ்சின் இழுக்காது. அப்போது கராஜில் யாராவது ஒருவர் கட்டரால் அந்தக் கம்பியை அறுப்பார். ஸ்குரூவில் அரைச் சுற்று போதும்.

இழுவை கூடுவது உண்மை. சாரதிக்கு அது உடனே தெரியும். அதனால்தான் இந்தப் பழக்கம் நிலைத்திருக்கிறது. ஆனால் டர்போ இல்லாத எஞ்சின் உறிஞ்சும் காற்று கூடுவதில்லை. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் கண்ணிமைப்பை விடக் குறைவு என்பதால், நடைமுறையில் அதற்கும் மேலே காற்று மிஞ்சியிருக்க வேண்டும். தொழிற்சாலை அந்த ஸ்குரூவை வைத்த இடம் இந்தக் கணக்கைப் பார்த்து வைத்த இடம். அதைத் தாண்டும் டீசலில் ஒரு பகுதி கரியாகி வெளியே வருகிறது. காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் அது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் முதற் பிரிவில் சேர்த்தது. பாடசாலை விட்டு ஏ6 ஓரமாக நடந்து போகும் ஒரு பிள்ளை அந்த அரைச் சுற்றுக்கு விலை கொடுக்கிறது.

2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்த வாகனப் புகைப் பரிசோதனை, இலங்கையில் இந்தப் பம்பிடம் அரசு கேட்கும் கேள்வி. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மேற்பார்வையில் தனியார் நிலையங்கள் சோதிக்கின்றன. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.

டீசலுக்கான சோதனை நுட்பமானது. எஞ்சினைச் சூடாக்கி, கியர் போடாமல் நிறுத்தி, அக்சிலரேட்டரை ஒரே மிதியில் அடிவரை அழுத்துகிறார்கள். அந்தக் கணத்தில் கவர்னர் சட்டத்தை முழுவதும் முன்னே தள்ளும். சட்டம் நமது ஸ்குரூவில் போய் முட்டும். வெளிவரும் புகை ஓர் ஒளிக்கற்றையை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி அளந்து, ஒரு மீற்றர் தூரத்துக்கான எண்ணாக மாற்றுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, இந்தியாவில் நெடுங்காலம் இருந்த எல்லை 2.45. அதாவது 43 சென்ரிமீற்றர் நீளமான குழாய் ஒன்றில் நிரம்பிய புகை, ஒளியில் 65 வீதத்தை விழுங்கிவிடலாம்; அதற்கு மேல் கூடாது. ஆக, இந்தச் சோதனை கேட்கவேண்டிய இடத்தில்தான் கேட்கிறது. எயார் ஃபில்டர் அடைத்திருந்தாலும் நொசில் தேய்ந்திருந்தாலும் பிடித்துவிடும். திருப்பிய ஸ்குரூவையும் பிடித்துவிடும், அது அன்றைக்குத் திருப்பிய நிலையில் இருந்தால்.

சிக்கல் அங்கேதான். ஸ்பானரும் ஸ்குரூ டிரைவரும் வைத்திருப்பவருக்கு அந்த அரைச் சுற்றைப் பின்னே எடுக்கச் சில நிமிடங்கள் போதும். சான்றிதழ் கைக்கு வந்த பின் மறுபடி முன்னே திருப்பவும் அவ்வளவு நேரம்தான். சோதனை வருடத்தில் ஒரு நாள்; சுமை எல்லா நாளும். வீதியோரத் திடீர்ச் சோதனைகள் நடப்பதுண்டு, ஆனால் நள்ளிரவு தாண்டித் தம்புள்ளையிலிருந்து இறங்கும் மரக்கறி லொறிகளின் வரிசைக்கு அவை எந்த மூலைக்கும் காணாது.

சாரதிகளைக் குற்றவாளிகளாக நிறுத்த எனக்கு மனமில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025இல்தான் பொதுவாகத் திறந்தது. நடுவே 2022 ஜூனில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவைத் தொட்டது; அந்த வருடத் தொடக்கத்தில் அது 121 ரூபா. புது லொறி வாங்க வழியில்லாமல், தேய்ந்த எலிமென்ட்டை மாற்றி மாற்றிப் பழைய பம்பைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். நன்றாகச் செய்யும் பம்ப் வேலைக்காரர் டெஸ்ட் பெஞ்சில் பூட்டி, நான்கு குழாய்களின் அளவையும் கண்ணாடிக் குவளைகளில் பிடித்துச் சமப்படுத்தி, முழுச்சுமை அளவையும் கணக்குப்படி வைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். அந்தக் கையின் நேர்மைக்கு இன்று எந்தச் சாட்சியும் இல்லை. வேலை முடிந்து பம்ப் வெளியே போனதும் யாரும் திருப்பலாம்.

புது லொறிகளில் இந்த ஸ்குரூவே கிடையாது. டீசல் அளவைக் கணினி தீர்மானிக்கிறது. அதனால் கைவைப்பது நின்றுவிடவில்லை. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு, பத்து ஆண்டுகளில் ஐந்தரை இலட்சத்துக்கும் மேலான டீசல் பிக்கப் வண்டிகளின் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டதாகச் சொல்கிறது. கலேவெல வீதியில் இன்னும் பல ஆண்டுகள் ஓடப்போகும் பழைய பம்புக்கோ தீர்வு கணினி அளவுக்குச் சிக்கலானதல்ல.

தம்புள்ளையில் வெங்காயம் நிறுக்கும் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் முத்திரை இடுகிறது. எரிபொருள் நிலையத்தில் டீசல் அளந்து ஊற்றும் பம்பையும் அதே திணைக்களம் சரிபார்த்து முத்திரையிடுகிறது. அங்கே முத்திரை அறுந்திருந்தால் அது குற்றம். அதே டீசலை லொறிக்குள் துளித்துளியாக அளக்கும் பம்பின் முத்திரை மட்டும் யாருடைய கேள்விக்கும் உட்படாமல் கிடக்கிறது. பம்ப் திருத்தும் இடங்களைப் பதிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த முத்திரையைக் கொடுத்து, அந்த எண்ணைப் புகைச் சான்றிதழில் ஏற்றினால், வீதியில் மறிக்கும் உத்தியோகத்தருக்கு ஒளிக்கருவி கூட வேண்டாம். ஒரு டோர்ச் லைட் போதும். அந்தச் செலவைச் சாரதியின் தலையில் கட்டாமல், புகைப் பரிசோதனைக் கட்டணத்திலிருந்தே கொடுக்க வேண்டும்.