நாளந்தா மகாவிகாரையின் முத்திரை: உருவும் உடைமையும்

முன்னுரை

கல்வி நிறுவனமொன்றின் முத்திரை வெறும் அணியன்று. அந்நிறுவனம் தன் பெயரில் பேசுவதற்குரிய அதிகாரத்தின் அடையாளமாகும். பழங்கால இந்தியாவில் அவ்வதிகாரம் யாருக்குரியதாக இருந்தது என்பதை அறிய, பீகாரிலுள்ள நாளந்தா மகாவிகாரையின் களிமண் முத்திரைகள் துணைபுரிகின்றன. இந்தியத் தொல்லியல் துறை 1915ஆம் ஆண்டு முதல் அங்கு நிகழ்த்திய அகழாய்வுகளில் இவை பெருந்தொகையாகக் கிடைத்தன. இவற்றின் வாசகங்களை ஆராய்ந்த ஹிரானந்த சாஸ்திரியின் நூல் 1942இல் வெளிவந்தது.

அச்சும் பதிவும்

முத்திரை என்னும் சொல் செதுக்கிய அச்சையும் அதனால் விழும் பதிவையும் ஒருங்கே குறிக்கும். அச்சில் எழுத்துகள் இடவலம் மாற்றிச் செதுக்கப்படும். உருவங்கள் பள்ளமாகக் குடையப்படும். ஈரக் களிமண்ணில் அழுத்தும்போது எழுத்து நேராகவும் உருவம் புடைப்பாகவும் அமையும். ஓலையையோ பொதியையோ கட்டிய நூலின்மேல் களிமண்ணை வைத்து அச்சு அழுத்தப்படும். பதிவைச் சிதைக்காமல் கட்டைப் பிரிக்க இயலாது. எனவே, அனுப்பியவர் யார் என்பதையும் இடையில் எவரும் பிரிக்கவில்லை என்பதையும் ஒரே களிமண் கட்டி உறுதிசெய்தது.

உருவங்களின் பொருள்

மகாவிகாரையின் முத்திரையில் மேற்பாதியில் அறவாழியும் அதன் இருபுறமும் மான்களும் உள்ளன. சாரநாத்தின் மான் பூங்காவில் புத்தர் நிகழ்த்திய முதல் அறவுரையை இவை குறிக்கின்றன. கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திற்கு இது பொருத்தமான சின்னமாகும்.

எனினும், இவ்வுருவம் நாளந்தாவினர் தாமே தேர்ந்ததன்று. மூலசர்வாஸ்திவாத விநயத்தில் இதற்கு விதி உண்டு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாளந்தாவில் தங்கிப் பயின்ற சீனத் துறவி இ-சிங் அந்நூற்பகுதியைச் சீனத்தில் பெயர்த்துள்ளார். அதன்படி முத்திரை இருவகைப்படும். சங்கத்தின் பொது முத்திரையில் ஆழியும் மண்டியிட்ட மான்களும் இடம்பெற வேண்டும். தனித்துறவியின் முத்திரையில் எலும்புக்கூடோ மண்டையோடோ இடம்பெற வேண்டும். தனி உடைமையைக் காணுந்தோறும் நிலையாமை நினைவுக்கு வர வேண்டும் என்பது பின்னதன் நோக்கம். தனிமனிதர் அழிவர், அறம் சுழன்றுகொண்டே இருக்கும் என்னும் கருத்து இவ்விரு வகைகளையும் ஒப்பிடுகையில் புலனாகிறது.

பெயரும் உடைமையும்

பொது முத்திரையில் உருவத்தின் கீழே, விகாரையைக் கட்டுவித்த கொடையாளியின் பெயரை எழுத வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. நாளந்தா இவ்விடத்தில் வேறுபடுகிறது. அதன் பொது முத்திரையில் இரு வரிகளில் காணப்படும் வாசகம், 'ஸ்ரீ நாலந்தா மஹாவிஹாரீய ஆர்ய பிக்ஷு ஸங்கஸ்ய' என்பதாகும். 'திருநாளந்தா மகாவிகாரையைச் சார்ந்த மேன்மைமிகு துறவியர் சங்கத்தினது' என்பது இதன் பொருள். இதில் அரசர் பெயர் எதுவும் இல்லை.

சக்ராதித்தன் கட்டுவித்த விகாரைக்குரிய முத்திரையொன்றும் கிடைத்துள்ளது. அதில் அவன் பெயர் கட்டுவித்தவன் என்ற அளவிலேயே நிற்கிறது. ஆறாம் வேற்றுமை உருபு சங்கம் என்னும் சொல்லையே சேர்கிறது. கட்டியவன் ஒருவன், உடையவர் வேறொருவர் என்பதை இலக்கணமே உணர்த்துகிறது.

1921இல் கண்டெடுக்கப்பட்ட தேவபாலனின் செப்பேடு இதனை மேலும் தெளிவாக்குகிறது. சுவர்ணத்தீவின் அரசன் பாலபுத்திரதேவனின் வேண்டுகோளுக்கிணங்க நாளந்தாவிலிருந்த விகாரைக்கு 5 ஊர்கள் அளிக்கப்பட்ட செய்தியை அது தருகிறது. அச்செப்பேட்டில் இணைக்கப்பட்ட அரச முத்திரையிலும் அதே ஆழியும் மான்களுமே உள்ளன. கீழே தேவபாலனின் பெயர் உள்ளது. உருவம் பொதுவாக இருக்க, கொடுப்பவர் யார், கொள்பவர் யார் என்பதைப் பெயர் வரியே வேறுபடுத்துகிறது.

முடிவுரை

நாளந்தா அரசர்களின் கொடையால் வளர்ந்தது. ஆயினும், தன் மடல்களில் அரசர் பெயரால் பேசவில்லை. தலைமுறைதோறும் மாறிவந்த ஆசிரியரும் மாணவரும் அடங்கிய சங்கமே உடைமையாளராக அம்முத்திரையில் நிலைபெற்றது. கொடையாளி, ஆட்சியாளர், கற்போர் ஆகியோருள் நிறுவனம் யாருக்குரியது என்னும் வினாவுக்கு நாளந்தா அளித்த விடை, சிறு களிமண் கட்டியில் இரு வரிகளாக எஞ்சியுள்ளது எனலாம்.