240 வோல்ட்டிலிருந்து 230க்கு: பிரிட்டன் வீடுகளின் மின்னழுத்தம்

லண்டனின் ஹோல்போர்ன் வயடக்டில் எடிசனின் நிறுவனம் 1882இல் தொடங்கிய மின்நிலையம் 110 வோல்ட் நேர்மின்சாரம் தந்தது. அன்றைய கரியிழை பல்புக்கு ஏற்ற அளவு அது. கூடுதல் அழுத்தம் தாங்கும் இழைகள் வந்ததும் மின்நிறுவனங்கள் 200 வோல்ட்டைத் தாண்டின. செம்பின் விலைதான் காரணம். அதே திறனை இரு மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும். அதே கம்பியில் வெப்பமாக வீணாவது கால் பங்காகும், அதனால் மெல்லிய செம்புக் கம்பியே போதும். மிச்சம் நிறுவனத்துக்கு, வீட்டின் கணக்கு அதனால் பெரிதாக மாறவில்லை.

ஊருக்கு ஊர் அழுத்தம் வேறுபட்டதால், வீடு மாறியவரின் பல்பும் இஸ்திரிப் பெட்டியும் புதிய ஊரில் உதவாமல் போவதுண்டு. 1948இல் மின்துறை நாட்டுடைமையான பிறகே 240 வோல்ட் படிப்படியாக எங்கும் பரவியது. ஐரோப்பாவின் பெரும்பகுதியோ 220இல் நின்றது. இரண்டையும் இணைக்க, 1995 ஜனவரி 1 முதல் பிரிட்டனின் பெயரளவு அழுத்தம் 230 வோல்ட் என அறிவிக்கப்பட்டது. அனுமதித்த வரம்பு 216.2 முதல் 253 வரை. பழைய 240 அதற்குள் சுகமாக அடங்கிவிட்டது. மின்மாற்றிகளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. மாறியது பெரும்பாலும் காகிதத்தில்தான்.

பெயரளவுக்கும் நடைமுறைக்கும் இருந்த இந்த இடைவெளிதான், அழுத்தத்தைக் குறைத்துக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதாகச் சொன்ன கருவிகளுக்குச் சந்தையானது. அந்த வாக்குறுதி பாதி உண்மை. 240 வோல்ட்டில் 3 கிலோவாட் இழுக்கும் கெட்டில் 220இல் சுமார் 2.5 கிலோவாட்தான் இழுக்கும். ஆனால் தண்ணீர் கொதிக்கக் கூடுதல் நேரமாகும், செலவாகும் யூனிட் குறையாது. தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டருக்கும் இதே கதிதான். குண்டு பல்பில் மிச்சம் உண்டு. 240க்கான பல்பை 230இல் எரித்தால் மின்செலவு ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். வெளிச்சமோ 13 சதவீதம் குறையும் என்பதால் இது வீட்டுக்காரருக்கு நல்ல பேரம் அல்ல. எல்.இ.டி. விளக்கு, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றில் பெரும்பாலானவை தமக்கு வேண்டிய திறனை எந்த அழுத்தத்திலும் எடுத்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ளும். 2009 முதல் குண்டு பல்புகள் கடைகளிலிருந்து படிப்படியாக மறைந்தபோது அந்தக் கருவிகளின் ஆதாயமும் சுருங்கியது.

அழுத்தக் குறைப்பின் உண்மையான பயன் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. மின்பற்றாக்குறை வரும்போது துணைமின்நிலையங்களில் சில சதவீதம் குறைத்தால் அந்த நேரத்துத் தேவை உடனே தணியும். கெட்டில் மெதுவாகக் கொதித்து, உச்சநேரச் சுமையைச் சற்று நேரத்துக்குப் பரப்பிவிடும். இது பிரிட்டனில் பழைய அவசரகால வழி. வடமேற்கு இங்கிலாந்தின் மின்விநியோக நிறுவனம் 2010களின் நடுவில் இதையே அன்றாட நிர்வாகத்துக்கும் சோதித்துப் பார்த்தது. வாடிக்கையாளர்கள் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை.