வீழ்ந்தவர் உரைத்த வரலாறு

வென்றவர் கூற்றே வரலாறாக நிலைபெறுதல் வழக்கம். வானதூதரின் வீழ்ச்சியும் அவ்வாறே உரைக்கப்பட்டு வந்தது. 1667இல் மில்ற்றன் தம் காவியத்தில் சாத்தானுக்குக் கம்பீரமான குரல் வழங்கினார். எனினும் தீர்ப்பு இறைவன் பக்கமே நின்றது. பிரெஞ்சு எழுத்தாளர் அனற்றோல் பிரான்ஸ், 1914இல் வெளியிட்ட ‘வானதூதரின் கிளர்ச்சி’ என்னும் நாவலில், கதைகூறும் உரிமையையே வீழ்ந்தவரிடம் ஒப்படைத்தார். தோட்டக்காரனாக வாழும் நெக்தேர் என்னும் வீழ்ந்த தூதன், விண்ணுலகப் போர் தொடங்கி நெப்போலியன் காலம் வரையான வரலாற்றை மொழிகின்றான். கலையும் அறிவும் கிளர்ச்சியாளர் மானிடர்க்களித்த கொடைகள் என்பது அவன் வாதம்.

1922இல் கத்தோலிக்கத் திருச்சபை இவ்வாசிரியரின் படைப்புகளைத் தடைநூற்பட்டியலிற் சேர்த்தது. ஆயின் நாவலின் முடிவு கிளர்ச்சியாளரையும் விட்டுவைக்கவில்லை. போரில் வென்று, இறைவனின் அரியணையேறித் தானும் கொடுங்கோலனாவதாகக் கனவு கண்ட சாத்தான், போரையே கைவிடுகின்றான். அரியணையில் அமர்பவர் மாறுவதனால் மட்டும் ஆட்சியின் இயல்பு மாறுவதில்லை என்பதே அக்கனவு உணர்த்தும் உண்மை.