பசித்த மனம்

உணவு உடலை வளர்க்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மனத்தின் போக்கையே அது மாற்றிவிடும் என்றால் நம்பத் தயங்குகிறோம். சிடுசிடுப்பு, சோர்வு, சோற்றின் மேல் அளவுகடந்த ஆசை ஆகியவற்றைப் பிறவிக் குணம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அது எவ்வளவு பெரிய பிழை என்பதை 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் தொடங்கிய ஆய்வு காட்டியது.

போரில் பட்டினி கிடந்தவர்களை மீட்கும் வழியை அறிவதே அவர் நோக்கம். ஆயுதம் ஏந்த மறுத்து மாற்றுப் பணி செய்துவந்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 12 வாரம் வழக்கமான சாப்பாடு. அடுத்த 24 வாரம் அதில் பாதி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று நாளுக்கு இரண்டே வேளை.

எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. அதைவிட மனத்தில் நேர்ந்ததுதான் என்னை உலுக்குகிறது. கொள்கைக்காக ஊரையே எதிர்த்து நின்றவர்கள், தட்டை நக்கினார்கள். கிடைத்த கொஞ்சத்தில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, நெடுநேரம் வைத்துத் தின்றார்கள். சமையல் புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படித்தார்கள். கோடையிலும் அவர்களுக்குக் குளிரெடுத்தது. நண்பர்களிடம் எரிந்து விழுந்தார்கள். சிரிப்பும் காதல் நாட்டமும் வற்றிப்போயின. குணம் கெட்டவர் ஒருவரும் அவர்களில் இல்லை. குறைந்தது உணவு மட்டுமே.

கட்டுப்பாடு நீங்கிய பிறகும் பலருக்கு உணவின் மேலான அந்தத் தவிப்பு தீரவில்லை. வயிறு முட்டியும் பசி அடங்காமல் தின்றார்கள், சிலர் உடம்புக்கு முடியாமல் போகும்வரை. மனமும் உண்ணும் முறையும் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆனது. 1950இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த அந்த ஆய்வை, உணவுக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். இன்று இப்படியோர் ஆய்வுக்கு எந்த அறநெறிக் குழுவும் இசையாது. அந்த இளைஞர்கள் பட்ட பாடு வீண்போகக் கூடாது.

மெலிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட பிள்ளை வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல், எந்நேரமும் சமையல் காணொளியே பார்த்துக்கொண்டிருந்தால், "திமிர்" என்று சொல்லிவிடாதீர்கள். எவ்வளவு சாப்பிடுகிறாள், எத்தனை நாளாக என்று பரிவோடு கேளுங்கள். தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.