குழந்தைக்குக் கொடுத்த வாக்கு: ஸ்கிராட்ச் நிரலாக்கச் சூழலின் தளமாற்றங்கள் குறித்து

முன்னுரை

குழந்தைகளுக்கான நிரலாக்கச் சூழல் ஒன்றை ஒரு கணினித் தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் கொண்டு செல்லும்போது எது மாறலாம், எது மாறக் கூடாது? பொறியாளர்கள் இதற்குச் சுருக்கமாக விடை சொல்வதுண்டு: பழைய நிரல் புதிய இடத்தில் ஓடினால் தளமாற்றம் வெற்றி. இந்த விடை போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பத்து வயதுச் சிறுமி தான் செய்த விளையாட்டு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டு விடை காண இடமளிக்கும் வரைதான் அந்தச் சூழல் கல்விக் கருவியாக இருக்கிறது. அந்த இடத்தைக் காக்காத தளமாற்றம் நிரலைக் காப்பாற்றி நோக்கத்தைத் தொலைத்துவிடும்.

இதை ஆராய ஸ்கிராட்ச் பொருத்தமான சான்று. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு உருவாக்கி, 2007 மே மாதத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட இச்சூழல் மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது. முதல் வடிவம் ஸ்குவீக் என்னும் ஸ்மால்டாக் மொழிச் சூழலில் அமைந்தது. 2013 மே மாதம் வந்த இரண்டாம் வடிவம் ஃபிளாஷ் மீது நின்றது. 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் வடிவம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. தோற்றத்தில் மூன்றும் உடன்பிறப்புகள்: அதே பூனை, 480க்கு 360 புள்ளிகள் கொண்ட அதே மேடை, விளையாட்டுக் கட்டைகளைப் போல ஒன்றோடொன்று பொருந்தும் அதே வண்ணக் கட்டளைகள். உள்ளே நிலைமை வேறு.

கட்டைகளுக்குள் இருக்கும் ஒப்பந்தம்

ஸ்கிராட்சில் ஒரே நேரத்தில் பல கட்டளைத் தொடர்கள் ஓடும். பச்சைக் கொடியைச் சொடுக்கியதும் பூனை நடக்கும், பந்து துள்ளும், மதிப்பெண் ஏறும். பல தொடர்கள் ஒரே மாறியைத் தொடும்போது யார் முந்துவது என்ற குழப்பம் பட்டறிவுள்ள நிரலாளரையே திணறடிக்கும். ஸ்கிராட்சை வடிவமைத்தவர்கள் இதற்கு ஓர் எளிய விதி வகுத்தார்கள். ஒரு தொடர் தானாகக் காத்திருக்கும் கட்டளையை எட்டும்போதோ, சுழற்சியின் ஒரு சுற்று முடியும்போதோதான் அடுத்த தொடருக்கு வழிவிடும், இடையில் விடாது. ஆகவே, 'மதிப்பெண்ணை 1 கூட்டு' என்பதற்கு அடியில் 'மதிப்பெண் 10 எனில்' என்று வைத்த குழந்தை, இவ்விரண்டுக்கும் நடுவே வேறொரு தொடர் புகுந்து எண்ணை மாற்றிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இந்த விதி எந்தக் கட்டையின் மேலும் எழுதப்படவில்லை. குழந்தைக்கு அப்படியொரு விதி இருப்பதே தெரியாது. ஆனாலும் அவள் செய்த ஒவ்வொரு விளையாட்டும் அதை நம்பியே நிற்கிறது. தளமாற்றம் செய்பவர் கட்டைகளின் பெயரையும் வடிவத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு இந்த விதியை மட்டும் தளர்த்திவிட்டால், பழைய படைப்புகள் திறக்கும், ஓடவும் செய்யும். ஆனால் தவறாக ஓடும். ஏன் தவறு என்று கண்டுபிடிக்கும் வழி அதைச் செய்தவளிடம் இருக்காது.

இத்தகைய எழுதப்படாத ஒப்பந்தங்கள் எல்லாமே தளமாற்றங்களில் காக்கப்படவில்லை. பூச்சியத்தால் வகுத்தலைப் பாருங்கள். ஸ்குவீக்கில் அமைந்த 1.4 பதிப்பில் அது பிழை; கட்டை சிவந்து நின்றுவிடும். இன்றைய பதிப்பில் ஒன்றைப் பூச்சியத்தால் வகுத்தால் 'முடிவிலி' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் 'எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கமும் விடையாக வருகின்றன. இது கணிதக் கல்வி கருதி எடுத்த முடிவாகத் தெரியவில்லை. அடியில் இருக்கும் மொழி பின்ன எண்களைக் கையாளும் முறை மேலே கசிந்து வந்திருக்கிறது. 'இங்கே ஏதோ சரியில்லை, நின்று பார்' என்றது முதல் வடிவம். இன்றைய வடிவம் ஒரு விந்தையான சொல்லைக் கையில் கொடுத்து மேலே போகச் சொல்கிறது. அடித்தள மொழியை மாற்றுவோர் அதன் பழக்கவழக்கங்களும் கூடவே குடியேறும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

பழைய ஒப்பந்தத்துக்கு உண்மையாக நடந்துகொண்டால் வேகம் குறையும் என்று சிலர் வாதிடுவார்கள். ஸ்கிராட்சின் நிரலை எடுத்துப் பிறர் மாற்றியமைத்த டர்போவார்ப் என்னும் மாற்றுவடிவமே இதற்கு மறுமொழி. ஸ்கிராட்ச் 3 படைப்புகளை ஒவ்வொரு கட்டையாகப் பொருள்கொண்டு ஓட்டுகிறது. டர்போவார்ப் அவற்றை முதலில் ஜாவாஸ்கிரிப்டாகப் பெயர்த்துப் பிறகு ஓட்டுகிறது. கணக்கீடு மிகுந்த படைப்புகளில் வேக வேறுபாடு கண்கூடு. ஆனாலும் சுற்று முடிவில் வழிவிடும் விதியை அது கைவிடவில்லை. இடையில் நின்று பின் தொடரவல்ல செயற்கூறுகளாக அந்தத் தொடர்களைப் பெயர்க்கிறது. நொடிக்கு 30 சட்டகம் என்ற பழைய ஓட்டமே இயல்நிலை. 60 சட்டகம் வேண்டுவோர் அதைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். ஒப்பந்தத்தை முறிக்காமலே வேகத்தைக் கூட்டலாம் என்பதை இது நிறுவிக் காட்டுகிறது.

உள்ளே திறந்த கதவு

முதல் வடிவத்துக்குத் தனிச் சிறப்பு ஒன்று இருந்தது. 1.4 பதிப்பின் பெயர்ப்பொறிப்பில் 'ஆர்' என்ற எழுத்தின் வளையத்துக்குள் ஷிஃப்ட் விசையை அழுத்திச் சொடுக்கினால் ஒரு பட்டி திறக்கும். அதன் வழியே திரையை நிறைத்திருந்த ஸ்கிராட்சை விலக்கினால் பின்னால் ஸ்மால்டாக் சூழல் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் கட்டையின் நிரலை அங்கேயே படிக்கலாம், திருத்தலாம், திருத்தியது உடனே நடப்பதையும் பார்க்கலாம். தனிக் கருவி எதையும் நிறுவ வேண்டாம். பள்ளி மாணவர்கள் பலர் தங்களுக்கென மாற்றுவடிவங்கள் செய்யத் தொடங்கியது இந்தக் கதவின் வழியேதான்.

அப்படிப் பிறந்தவற்றுள் தலையாயது பி.ஒய்.ஓ.பி. இதைத் தொடங்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த யென்ஸ் மோனிக். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹார்வி இணைந்தார். அன்றைய ஸ்கிராட்சில் ஒருவர் புதிய கட்டையைத் தாமே வரையறுக்க முடியாது. இவர்கள் அதற்கு வழிசெய்தார்கள். அத்தோடு நில்லாமல், பட்டியலையும் கட்டளைத் தொடரையும் எண்ணைப் போலவே மாறியில் வைக்கலாம், இன்னொரு கட்டைக்குக் கையளிக்கலாம் என்ற நிலையையும் கொண்டுவந்தார்கள். பின்னர் இதை ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதி ஸ்னாப் என்று பெயரிட்டார்கள். கணினியியலைச் சிறப்புப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கான பெர்க்லி பாடத்திட்டம் இதன் மேல் அமைந்தது.

இந்த வரலாறு எதைக் காட்டுகிறது? சொந்தக் கட்டை செய்யும் வசதி 2013இல் ஸ்கிராட்சின் மூல வடிவத்துக்குள்ளும் வந்தது. மாற்றுவடிவத்தில் பயன்பாட்டால் மெய்ப்பிக்கப்பட்ட கருத்தை, எளிமை கெடாத அளவுக்கு மூல வடிவம் ஏற்றுக்கொண்டது. மூலத்தின் நாளைய நிலத்தை மாற்றுவடிவங்கள் இன்றே உழுதுவைக்கின்றன. அவற்றைப் பகையாகப் பார்ப்பது பிழை.

உரிமம் பற்றியும் ஒரு சொல். தொடக்க கால மூல நிரல் உரிமம், மாற்றுவடிவங்கள் ஸ்கிராட்ச் என்ற பெயரையும் பூனைச் சின்னத்தையும் பயன்படுத்தக் கூடாது, அவற்றில் செய்த படைப்புகளை ஸ்கிராட்ச் தளத்தில் ஏற்றக் கூடாது என்று விதித்தது. பெயரைக் காப்பது நியாயமே. எது அசல் என்பதில் குழந்தைகள் குழம்பலாகாது. 1.4 பதிப்பின் மூல நிரல் பின்னர் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியானது. ஆயினும் உரிமம் திறந்திருப்பதும் கதவு திறந்திருப்பதும் ஒன்றல்ல. இன்றைய ஸ்கிராட்சின் மூல நிரல் எவரும் எடுத்துக்கொள்ளக் கூடியது. ஆனால் அதை மாற்ற விரும்பும் மாணவர் முதலில் மூல நிரல் களஞ்சியத்தை இறக்கி, துணை நிரல்களை நிறுவி, எல்லாவற்றையும் கட்டியெழுப்பிய பின்னரே ஒரு கட்டையின் நிறத்தையேனும் மாற்ற முடியும். சட்டம் அனுமதிக்கிறது, சூழல் அழைக்கவில்லை.

அடைந்ததும் இழந்ததும்

தளமாற்றங்கள் தேவையற்றவை என்று சொல்லவில்லை. 2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், ஸ்கிராட்ச் படைப்புகளை ஐபோனில் ஓட்டிக் காட்டிய செயலியைத் தன் செயலிக் கடையிலிருந்து நீக்கியது. ஃபிளாஷுக்கும் அந்நிறுவனத்தின் ஐபோன், ஐபேட் கருவிகளில் இடமில்லை. ஆக, உலாவியில் படைக்க வழிதந்த இரண்டாம் வடிவம் ஐபேடில் திறக்கவில்லை. 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. மூன்றாம் வடிவம் அதற்கு இரண்டாண்டு முன்பே வராமல் போயிருந்தால், குழந்தைகளின் படைப்புகள் உலாவியில் திறக்க வழியின்றி முடங்கியிருக்கும். பழைய இருமக் கோப்புகளையும் படிக்கும் மாற்றியை இன்றைய வடிவத்தோடு இணைத்திருப்பது பாராட்டுக்குரியது. 2007இல் ஒரு குழந்தை சேமித்த கோப்பை இன்றும் திறக்கலாம்.

ஆனால் எல்லா நிலத்திலும் இந்தப் பயிர் ஒன்றுபோல விளையவில்லை. 2012இல் விற்பனைக்கு வந்த முதல் ராஸ்பெர்ரி பை கணினியில் 256 எம்.பி. நினைவகமே இருந்தது, 1.4 பதிப்பு அதில் ஓடியது, மெதுவாக. ஸ்குவீக் வல்லுநர் டிம் ரௌலெட்ஜ் அதைப் புதிய ஸ்குவீக் பதிப்புக்கும் வேகமான மெய்நிகர் பொறிக்கும் நகர்த்தி, அந்தச் சிறு கணினியில் பயன்படத்தக்க வேகத்துக்குக் கொண்டுவந்தார். கணினியின் மின்முனைகளைக் கட்டைகளாலேயே இயக்கும் வசதியும் சேர்ந்தது. ஏழைப் பள்ளியின் கருவியை மாற்றச் சொல்லாமல் நிரலைச் செதுக்கிய இப்பணியைத் தளமாற்றக் கலையின் நல்ல மாதிரியாகக் கொள்கிறேன். மூன்றாம் வடிவமோ ராஸ்பெர்ரி பையில் ஓடக் குறைந்தது 1 ஜி.பி. நினைவகம் கேட்டது. உலாவி இருக்கும் இடமெல்லாம் போய்ச்சேர்ந்த அதே வடிவம், குறைந்த விலைக் கருவிகளை வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

தமிழ் எழுத்தும் கட்டையும்

மொழி மாறும்போதும் ஒரு தளமாற்றம் நிகழ்கிறது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஸ்கிராட்ச் இடம்பெற்றிருப்பதால் இது நமக்குத் தொலைவான செய்தி அல்ல.

ஒரு சொல்லின் குறிப்பிட்ட எழுத்தைத் தரும் கட்டையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுத்தின் எண் முன்னும் சொல் பின்னும் வரும். தமிழில் உடைமைப் பொருள் முன்னே வர வேண்டும். 'தமிழ் என்பதன் 1ஆம் எழுத்து' என்பதே நம் வாக்கியம். இரண்டாம் வடிவத்தில் கட்டையின் இடக்குறிகள் இது எண்ணுக்கான இடம், இது சொல்லுக்கான இடம் என்று வகையை மட்டும் காட்டின. மொழிபெயர்ப்பிலும் அவை மூல வரிசையிலேயே வர வேண்டியிருந்தது. மூன்றாம் வடிவம் கூகுள் உருவாக்கிய பிளாக்லி என்னும் கட்டை நிரலாக்க நூலகத்தை அடியொற்றியது. அதில் இடக்குறிகளுக்கு எண் உண்டு. மொழிக்கேற்ப இடம் மாற்றலாம். இந்தச் சிறு மாற்றம் தமிழ்த் தொடரமைப்புக்குக் கதவு திறந்தது. வேற்றுமை உருபுச் சிக்கல் எஞ்சுகிறது: கட்டைக்குள் எந்தச் சொல் வரும் என்று தெரியாதபோது 'மரம்' 'மரத்தின்' ஆவதைக் கட்டையால் செய்ய இயலாது. 'என்பதன்', 'என்பதை' போன்ற சொற்களே இங்கே கைகொடுக்கும்.

தொடரமைப்பைவிட ஆழமான சிக்கல் எழுத்தெண்ணிக்கை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் இன்றைய ஸ்கிராட்ச் 5 என்கிறது. மூன்றாம் எழுத்தைக் கேட்டால் 'ழ்' வருவதில்லை. மெய்யை விட்டுப் பிரிந்த இகரக் குறி மட்டும் வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஒருங்குறியின் குறியீட்டு அலகுகளை எண்ணுகிறது. தொல்காப்பியக் காலம் முதல் உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணிவரும் மரபு அதற்குத் தெரியாது. முதல் வகுப்பில் 'த, மி, ழ்' என மூன்று எழுத்தைக் கற்ற குழந்தையிடம் கணினி ஐந்து என்று சாதிக்கிறது. அவள் தன் அறிவை ஐயுறுவாள். பூச்சியத்தால் வகுத்ததில் கண்ட அதே கசிவு இங்கே தாய்மொழியையே தொடுகிறது.

தீர்வு எட்டாத தூரத்தில் இல்லை. உலாவிகளில் எழுத்துக்கொத்துகளைப் பிரிக்கும் வசதி இன்று உண்டு. 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவற்றுக்குத் தனி விதி சேர்த்தால் போதும். ஆனால் இருக்கும் கட்டையின் பொருளை அப்படியே மாற்றினால் ஐந்து என்ற விடையை நம்பி எழுதிய பழைய படைப்புகள் உடையும். எனவே தமிழ் எழுத்துக்கான கட்டைகளை நீட்சியாகச் சேர்ப்பதே முறை. ஒவ்வொரு கோப்பிலும் பதிப்பெண் பதிவாவதால், புதிய படைப்புகளுக்கு மட்டும் புதிய பொருளை வழங்கவும் வழி இருக்கிறது.

முடிவுரை

தளமாற்றத்தின் வெற்றியை நான்கு கேள்விகளால் அளக்கலாம். பழைய படைப்பு முன்பு நடந்தபடியே நடக்கிறதா? அடித்தள மொழியின் பழக்கங்கள் குழந்தையின் கண்முன் கசியாமல் தடுக்கப்பட்டனவா? உள்ளே பார்க்க விரும்பும் மாணவருக்குக் கதவு எவ்வளவு அருகில் இருக்கிறது? எளிய கருவி வைத்திருப்பவரும் வேற்று மொழி பேசுபவரும் உள்ளே வர முடிகிறதா? ஸ்கிராட்சின் மூன்றாம் வடிவம் முதல் கேள்வியில் பெரும்பாலும் தேறுகிறது. மற்றவற்றில் குறைகள் உண்டு. அக்குறைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் மாற்றுவடிவம் செய்தவர்களும் தளமாற்றம் செய்தவர்களுமே.

தமிழ்க் கணிமையில் ஈடுபட்டிருப்போர் இந்த வரலாற்றிலிருந்து ஒரு பணியை ஏற்க வேண்டும். கட்டைகளின் மேலிருக்கும் சொற்களைத் தமிழாக்குவதோடு நிறுத்திவிடக் கூடாது. மூல நிரல் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு மூன்று எழுத்து என்று கணினி சொல்லும்படி செய்யும் முதல் நீட்சியை நம் பள்ளி மாணவர்களையே கொண்டு எழுதச் செய்வோம்.