கன்னியர் மடமும் தோட்டத்துப் பெண்பிள்ளையும்



ஹல்துமுல்லையிலிருந்து புறப்படும் பேருந்து பெரகலைச் சந்தியில் திரும்பி, மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறி, ஹப்புத்தளையைக் கடந்து பண்டாரவளையைச் சென்றடைகின்றது. ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்கு முன்னர், ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் இத்தெரு வழியே என் தாயார் பயணஞ் செய்தார். என் பாட்டனார் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்தார். மகளை மலைநாட்டுக் கன்னியர் மடப் பாடசாலையொன்றின் விடுதியிற் சேர்த்திருந்தார். வீட்டு வாசலிலிருந்து பெருந்தெரு வரை தாயாரின் டிரங்குப் பெட்டியைத் தலையிற் சுமந்து வந்தவள், அடுத்த லயத்தைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை. இருவருக்கும் வயது 12. "பெட்டிக்குள்ள என்ன சின்னம்மா, இந்தப் பாரம் பாரமா இருக்கு?" என்று அவள் கேட்பாளாம். "புஸ்தகம்" என்று தாயார் விடையிறுப்பாராம்.

ஒரே மலையிற் பிறந்து, ஒரே பனியில் நனைந்து வளர்ந்த இரு சிறுமியருள் ஒருத்தி புத்தகத்தைப் படிக்கவும், மற்றொருத்தி அதனைச் சுமக்கவும் நேர்ந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு நமது நாட்டுக் கல்வி வரலாறு தரும் விடையையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

இலங்கையிற் பெண்களுக்கென விடுதியோடு கூடிய கல்வியை முதலில் அமைத்தோர் கிறித்தவத் தொண்டர்களே. அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1824-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கினர். கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில், பிரான்சு தேசத்துப் போர்தோ நகரிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் 1862-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். 1869-ஆம் ஆண்டில் நல்லாயன் சபைக் கன்னியர் கொழும்பில் வந்திறங்கினர். இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டதும் அந்த 1869-ஆம் ஆண்டிலேதான். கோப்பி அழிந்த மலைகளிற் பின்னர் தேயிலை பரவிற்று. தேயிலையைத் தொடர்ந்து இருப்புப் பாதையும் மலையேறிற்று. 1924-ஆம் ஆண்டில் அது பதுளையை எட்டியது. பாதை சென்ற திசையிற் பாடசாலைகளும் சென்றன. கண்டி, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை ஆகிய நகரங்களில் கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலைகள் எழுந்தமை இவ்வாறே.

அப்பாடசாலைகளில் வாழ்க்கை எப்படி இருந்தது? அதிகாலையில் மணி ஒலிக்கும். குளிர்நீரில் முகங் கழுவிக் கோவிலுக்குச் செல்லவேண்டும். பின்னர் வகுப்பு. ஆங்கிலமே போதனா மொழியாக நிலவிய காலத்தில், கேம்பிரிட்ஜ் ஜூனியர், சீனியர் பரீட்சைகளுக்கு மாணவியர் ஆயத்தஞ் செய்யப்பட்டனர். பிற்பகலில் தையலும் பூவேலையும். வசதியுள்ளோர்க்குப் பியானோவும் உண்டு. மாலையில் இரண்டு மணி நேரம் வாய் திறவாத படிப்பு. வீட்டுக்கு எழுதும் கடிதத்தையும் மடத்துத் தாயார் பார்த்த பின்னரே தபாலிற் சேர்ப்பர். இக்கட்டுப்பாடு சில வேளைகளில் மனத்தை நெருக்கியது என்று என் தாயார் கூறியதுண்டு. ஆயினும், ஒரு பெண்பிள்ளை அடுப்படியின் அழைப்புக்கு அஞ்சாமல் இரண்டு மணி நேரம் ஒரு நூலின் முன் அமரலாம் என்பதைத் தாம் முதன்முதலில் அங்கேதான் அறிந்தார் என்றும் அவர் சொல்வார்.

இப்பாடசாலைகளின் குறைகளையும் மறைத்தல் தகாது. கட்டணஞ் செலுத்தக் கூடியோர்க்கே அவற்றின் ஆங்கிலப் பிரிவு பெரும்பாலும் திறந்திருந்தது. அங்கு பயின்ற தமிழ்ப் பெண்கள் பலர் தம் தாய்மொழியிற் பிழையின்றி ஒரு கடிதம் எழுதவும் இடர்ப்பட்டனர். அதே வேளையில், பல மடங்கள் ஆங்கிலப் பாடசாலையில் வந்த கட்டணத்தைக் கொண்டு, பக்கத்திலேயே சுயமொழிப் பாடசாலையையும் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தையும் நடத்தின என்பதும் உண்மை.

இனி, தோட்டத்து லயத்தின் பக்கம் திரும்புவோம். 1907-ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுக்குச் சுயமொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. 1920-ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அக்கடமையை மேலும் வற்புறுத்தியது. நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1907-ஆம் ஆண்டுச் சட்டம் பேசியது 6 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றி மட்டுமே. கன்னியர் மடத்தில் உயர்தர வகுப்புகள் தொடங்கும் பருவத்துக்கு முன்னரே, தோட்டத்துப் பிள்ளையிடம் சட்டம் விடைபெற்றுக் கொண்டது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்பதே தோட்டப் பாடசாலையின் இலக்கணமாயிற்று. ஆசிரியர் வராத நாளிற் பாடசாலை இல்லை. ஆண்பிள்ளைக்காவது எப்போதோ ஒரு கணக்கப்பிள்ளை வேலை கனவாக இருந்தது. பெண்பிள்ளையோ, தாய் பெரட்டுக்குப் போனதும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டாள். சில ஆண்டுகளில் தானும் கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றினாள்.

1945-ஆம் ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிடைத்தது. ஆரம்ப வகுப்புகளிற் தாய்மொழிப் போதனையும் வந்தது. நாடெங்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு அது விடிவாயிற்று. ஆனால் மேல்வகுப்பே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அவ்விடிவின் ஒளி எட்டவில்லை. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. வாக்குரிமை இழந்த மக்களின் பாடசாலைக்காகச் சட்டசபையிற் குரல் எழுப்புவோர் அருகினர்.

கன்னியர் மடப் பாடசாலைகளையும் காலமாற்றம் விட்டு வைக்கவில்லை. 1960-ஆம், 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியே உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதனை எதிர்த்துக் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள்ளேயே இரவு பகலாகத் தங்கியிருந்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் அவர்கள் வந்து சமாதானம் பேசிய பின்னரே கொந்தளிப்பு அடங்கிற்று. மிகச் சில பாடசாலைகள், வகுப்புக் கட்டணம் அறவிடுவதில்லை என்ற நிபந்தனையோடு தனியார் பாடசாலைகளாக நிலைத்தன. ஏனையவை அரசாங்கத்தைச் சேர்ந்தன.

விந்தை யாதெனில், நகரத்து மடப் பாடசாலைகளை 1960-ஆம் ஆண்டிலேயே ஏற்க முன்வந்த அரசு, அவற்றினும் பன்மடங்கு வறிய தோட்டப் பாடசாலைகளை ஏற்கக் காலந்தாழ்த்தியது. தோட்டங்கள் 1972-ஆம், 1975-ஆம் ஆண்டுகளில் தேசியமயமான பின்னர், 1970-களின் பிற்பகுதியிலேதான் அப்பணி முறையாகத் தொடங்கிற்று. முற்றுப்பெற மேலும் பல ஆண்டுகள் சென்றன. பின்னர் சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றி, மலையகத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாகப் பயிற்றியது. எமது ஊவாவின் பாடசாலைகளில் இன்று கற்பிக்கும் ஆசிரியைகளுட் பலர் லயத்திற் பிறந்தவர்கள் என்பதைப் பெருமிதத்தோடு கூறுகின்றேன்.

ஆகவே, முன்னர் கேட்ட வினாவுக்கு விடை இதுதான். தோட்டத்துச் சிறுமியைத் தடுத்தது அவளுடைய அறிவின் குறையன்று. மடத்தின் வாயிற்கதவு மட்டுமன்று. பத்து வயதோடு நின்றுவிட்ட சட்டமும், கட்டணமும், மொழியும், நடந்து தீராத தொலைவும் ஒன்றுசேர்ந்தே அவளைத் தடுத்தன. இந்நான்கில் மூன்று இன்று விலகிவிட்டன. கல்வி இலவசமாயிற்று, போதனா மொழி தமிழாயிற்று, கட்டாயக் கல்வி வயது 1998-ஆம் ஆண்டு முதல் 14 ஆகவும், 2016-ஆம் ஆண்டில் 16 ஆகவும் உயர்ந்தது. தொலைவு மாத்திரம் அப்படியே இருக்கின்றது.

இதனை நான் ஒவ்வொரு காலையும் வரவுப் பதிவேட்டிற் காண்கின்றேன். மழைக்காலத்தில், மேற்பிரிவு லயங்களிலிருந்து ஆறு, ஏழு கிலோமீற்றர் நடந்து வரவேண்டிய மாணவியரின் பெயருக்கு எதிரே புள்ளிகள் விழத் தொடங்கும். முதலில் இரண்டு நாள். பின்னர் ஒரு வாரம். அதன் பின் ஒருநாள் தந்தை வந்து நின்று, "புள்ளைய கொழும்புல ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிட்டோங்க ஐயா" என்பார். சென்ற ஆண்டில் அவ்வாறு மூவர் என் பாடசாலையை விட்டு நீங்கினர். மூவரும் பத்தாந் தரம். ஒருத்தி கணிதத்தில் வகுப்பில் முதலாவது.

அப்போதெல்லாம் என் தாயாரின் விடுதியை நினைந்து கொள்கின்றேன். பியானோவும் பூவேலையும் நமக்கு வேண்டுவன அல்ல. இரவில் விளக்கு, நாள்தோறும் வரும் ஆசிரியை, அமைதியான இரண்டு மணி நேரம், ஒரு பிள்ளை வராவிடின் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் - இந்நான்குமே அம்மடங்களின் வெற்றிக்கு மூலகாரணம். தோட்டங்களை அண்டிய நமது பெரிய பாடசாலைகளிற் பெண்பிள்ளைகளுக்கென எளிய விடுதிகள் அமையுமாயின், எஞ்சிய தடையும் நீங்கும். கன்னியர் மடங்களிற் பயின்று உயர்ந்த தாய்மாரே, இதனை உங்களிடமே முதலில் விண்ணப்பிக்கின்றேன். உங்களுக்குக் கிடைத்த பேறு இன்னொருத்திக்கும் உரியதன்றோ? தோட்டத்துப் பெற்றோரே, மகளின் படிப்பை இடையில் நிறுத்துமுன் ஒரு முறை பாடசாலைக்கு வந்து எம்மோடு பேசுங்கள். வழி ஒன்று பிறக்கக் கூடும்.

என் தாயாரின் பெட்டியைச் சுமந்த பெண்பிள்ளையின் குடும்பம், 1964-ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறியது. பின்னர் அவளைப் பற்றி யாதொரு செய்தியும் இல்லை. தாயார் அந்த டிரங்குப் பெட்டியை இறுதி வரை வைத்திருந்தார். இப்பொழுது அது என் காரியாலயத்தில் இருக்கின்றது. வறிய மாணவியருக்கு இரவலாகக் கொடுக்கும் பாடப் புத்தகங்களை அதனுள் வைத்திருக்கின்றேன்.